டாமி டக்ளஸும் சஸ்காட்செவனும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தை 1944 முதல் 1961 வரை ஆண்ட முதல்வர் டாமி டக்ளஸைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அரசியலுக்கு முன் என்ன செய்தார்?

பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகர். ஸ்காட்லாந்தில் 1904இல் பிறந்து, சிறுவயதில் குடும்பத்துடன் வினிபெக் வந்தவர். காலில் எலும்பு அழற்சி கண்டு, காலையே எடுத்துவிட வேண்டும் என்ற நிலை. மாணவர்கள் அருகிருந்து கற்றுக்கொள்ளச் சம்மதித்தால் இலவசமாகவே அறுவை செய்கிறேன் என்று ஒரு மருத்துவர் முன்வந்தார். கால் பிழைத்தது. ஒரு பிள்ளையின் கால் ஒரு மருத்துவரின் கருணையை நம்பியிருக்கக் கூடாது என்பதைப் பிற்காலத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். 1930இல் சஸ்காட்செவனின் வேபர்ன் என்ற சிற்றூருக்குப் போதகராகப் போனார். பொருளாதாரப் பெருமந்தமும் வறட்சியும் சேர்ந்து விவசாயிகளை நொறுக்கிய காலம் அது. அங்கிருந்துதான் சி.சி.எஃப். என்ற இடதுசாரிக் கட்சிக்கு வந்தார். 1934இல் மாகாணத் தேர்தலில் தோற்று, அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் சென்றார்.

கேள்வி: 1947இல் அவர் கொண்டுவந்த இலவச மருத்துவத் திட்டத்தை மருத்துவர்கள் எதிர்த்தது ஏன்?

இரண்டு வேறு திட்டங்களை ஒன்றாக்கிவிட்டீர்கள். 1947 ஜனவரி 1 அன்று தொடங்கியது மருத்துவமனைக் காப்பீடு. படுக்கை, அறுவை அரங்கு போன்ற செலவுகளுக்கு மட்டும். ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர் சந்தா உண்டு, ஆகவே இலவசமும் அல்ல. மருத்துவரின் கட்டணத்தை அரசு ஏற்ற திட்டம் 1962 ஜூலை 1 அன்று வந்தது. மருத்துவர்களின் வேலைநிறுத்தம் நடந்தது அதற்கு எதிராகத்தான். டக்ளஸைப் பற்றி எழுதும் எவரும் இந்த இரு ஆண்டுகளைக் கலக்கக் கூடாது.

கேள்வி: இடையில் ஏன் 15 ஆண்டுகள்?

பணம். கோதுமை விலையை நம்பிய மாகாணம் அது. கடன் வாங்கித் தொடங்கும் நலத்திட்டம் முதல் மோசமான அறுவடையிலேயே கவிழும் என்று டக்ளஸ் கருதினார். பற்றாக்குறையில்லாத வரவுசெலவை அவர் பிடிவாதமாகக் காத்தது அதற்காகத்தான். 1958இல் ஒட்டாவாவில் உள்ள கனடிய மத்திய அரசு மருத்துவமனைச் செலவில் ஏறக்குறையப் பாதியைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியது. அப்படி விடுபட்ட மாகாணப் பணம்தான் அடுத்த படிக்கு வழிவிட்டது. 1959 டிசம்பரில் திட்டத்தை அறிவித்து, 1960 தேர்தலில் அதையே முன்வைத்து வென்றார். அவருடைய ஐந்தாவது தொடர் வெற்றி அது.

கேள்வி: அவர் கனடாவின் பிரதமராக இருந்தாரா?

இல்லை. மாகாண முதல்வர்.

கேள்வி: வேலைநிறுத்தத்தை டக்ளஸ் எப்படிச் சமாளித்தார்?

அவர் சமாளிக்கவில்லை. 1961 நவம்பரில் அவர், சி.சி.எஃப். கட்சியின் வாரிசான புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவராக மத்திய அரசியலுக்குப் போய்விட்டார். அடுத்த முதல்வர் உட்ரோ லாய்ட். ஆசிரியராக இருந்து, நீண்டகாலம் கல்வி அமைச்சராகப் பணியாற்றியவர். 23 நாள் வேலைநிறுத்தத்தில் பெரும்பாலான மருத்துவர்கள் தங்கள் மருத்துவகங்களை மூடினார்கள். சட்டமன்றத்தின் முன் கூட்டம் திரண்டது. லாய்ட் பின்வாங்கவில்லை. பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தார். அங்கிருந்தே வந்த டெய்லர் பிரபு நடுவராக இருக்க, ஜூலை 23 அன்று சாஸ்கட்டூனில் உடன்பாடு கையெழுத்தானது. திட்டம் பிழைத்தது. 1964 தேர்தலில் லாய்டின் ஆட்சி பிழைக்கவில்லை.

கேள்வி: இது டக்ளஸின் புகழைக் குறைக்கும் முயற்சி. மசோதா அவர் முதல்வராக இருந்தபோதுதான் அவைக்கு வந்தது.

ஆம், 1961 அக்டோபரில் வந்தது. ஆனால் நிறைவேறியதும் நடைமுறைக்கு வந்ததும் லாய்டின் காலத்தில். டக்ளஸின் 17 ஆண்டு உழைப்பு இல்லாமல் லாய்டுக்குக் காப்பாற்ற எதுவும் இருந்திருக்காது என்பதையும் முழுமனதுடன் சொல்கிறேன். என் வாதம் வேறு. 2004இல் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் 'மாபெரும் கனடியர்' என்று டக்ளஸைத் தேர்ந்தெடுத்த நாட்டில் லாய்டின் பெயரைக் கேட்டால் பலர் விழிக்கிறார்கள். பதவியையே விலையாகக் கொடுத்தவருக்கு இது நியாயம் இல்லை.

கேள்வி: அப்படியானால் மருத்துவர்கள் பேராசைக்காரர்களா?

அவ்வளவு எளிதல்ல. அரசின் சம்பள ஊழியர்களாக்கப்படுவோம் என்ற அச்சம் உண்மையானது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனிக் கட்டணம் பெறும் முறையை உடன்பாடு காத்தது. கனடாவில் அது இன்றும் தொடர்கிறது. நோயாளிகளைக் கைவிட்டதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: லாய்டை நீங்கள் தேவைக்கு மேல் உயர்த்துகிறீர்கள். 1964இல் மக்களே அவரை நிராகரித்தார்களே?

மக்கள் நிராகரித்தது ஆட்சியை. வென்ற லிபரல் தலைவர் ராஸ் தாட்சர் திட்டத்தை ஒழிக்கத் துணியவில்லை. 1966இல் நாடாளுமன்றம் அதையே நாடு முழுமைக்குமான சட்டமாக்கியது. இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

கேள்வி: ஊனமுற்றோருக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று எழுதினாராமே?

உண்மை. 1933இல் முதுகலை ஆய்வேட்டில் 'குறைபாடுள்ளவர்' என்று கருதப்பட்டவர்களுக்குக் கருத்தடையைப் பரிந்துரைத்தார். காலத்தின் வழக்கம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஆல்பர்ட்டாவும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் அப்படிச் சட்டமே இயற்றின, பலருடைய வாழ்வு சிதைந்தது. டக்ளஸ் முதல்வரானபோது சுகாதாரத் துறையையும் தன்னிடமே வைத்திருந்தார். அப்படியிருந்தும் அத்தகைய சட்டத்தைக் கொண்டுவரவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கேள்வி: நடிகர் கீஃபர் சதர்லாண்டின் தாத்தாவா?

ஆம், தாய்வழித் தாத்தா. இதே கேள்வி பலரிடமிருந்து வந்திருக்கிறது. இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: சஸ்காட்செவனில் குடியேற இப்போது என்ன தகுதி வேண்டும்?

என் துறை அல்ல. மாகாண அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தைப் பாருங்கள். உரிமம் பெறாத முகவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 1947 மருத்துவர் வேலைநிறுத்தத்தின்போது டக்ளஸ் எங்கே இருந்தார்?

1947இல் வேலைநிறுத்தம் நடக்கவில்லை. மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படியுங்கள். 1962ஐக் கேட்கிறீர்கள் என்றால், அந்த ஜூன் 18 பொதுத்தேர்தலில் ரெஜைனா தொகுதியில் அவர் தோற்றிருந்தார். மருத்துவத் திட்டத்தின் மீதான கோபம் அந்தத் தோல்விக்கு ஒரு பெரும் காரணம். வேலைநிறுத்தம் நடந்த ஜூலையில் அவரிடம் முதல்வர் பதவியும் இல்லை, நாடாளுமன்ற இருக்கையும் இல்லை. அக்டோபரில்தான் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பர்னபி-கோக்விட்லம் இடைத்தேர்தலில் வென்று ஒட்டாவா போனார்.