கேட்டீங்க, சொல்றேன்: தறிச் சத்தத்துல தூங்கறான், குக்கர் விசிலுக்கு ஓடறான்!

இந்த மாசம் வந்த கேள்வில முக்கால்வாசி சத்தம் பத்தித்தானுங்க. ஆட்டிசம் இருக்கற கொழந்தைங்களோட அம்மாமாரு, வளந்த பொறகு தனக்கு ஆட்டிசம்னு தெரிஞ்சுக்கிட்டவங்க, ரெண்டு பக்கத்துல இருந்தும் எழுதியிருக்கீங்க. நானும் ஆட்டிசத்தோட பொறந்தவதான், இதே ஈரோட்டுப் பக்கம் மேளமும் பட்டாசுமா இருக்கற ஊர்ல வளந்தவதான், அதனால படிச்சதோட என்ற காதுக்குத் தெரிஞ்சதையும் சேர்த்தே சொல்றேன்.

கேள்வி: அக்கா, எங்களுக்கு சோமனூர் பக்கம், வீட்டை ஒட்டியே தறிக்குடோன். என்ற பையனுக்கு 7 வயசு, ஆட்டிசம்னு டாக்டர் சொல்லியாச்சு. தறி ஓடிட்டு இருந்தா நல்லா தூங்கறான், கரண்டு போயி தறி நின்னாத்தான் முழிச்சுக்கறான். ஆனா குக்கர் விசில் வந்தா, மிக்ஸி போட்டா, ரெண்டு காதையும் பொத்திட்டு அலறிட்டு மாட்டுக்கொட்டாய்க்கு ஓடிர்றான், ஒருக்கா செவுத்துல தலைய முட்டிக்கிட்டான். அதே பையன் டிவி ரிமோட்ட எடுத்து சவுண்ட முழுசா வெச்சுட்டு சிரிக்கறான். இதப் பாத்துட்டு எங்க மாமனார் "எல்லாம் வீம்பு, ரெண்டு போட்டா சரியாயிரும்"ங்கறாரு. எனக்கும் கொழப்பமா இருக்குது, நெஜமாவே வலிக்குதா இல்ல நடிக்கறானா?

பதில்: வலிக்குது அம்மிணி. நடிப்பு இல்ல. அடிச்சா சரியாவாது, அலறுனா அடி விழும்னு பயம்தான் கூடும், அந்தப் பயத்துல சத்தம் இன்னும் பெருசாத்தான் கேக்கும், மாமனார்கிட்ட இத மொதல்ல சொல்லிருங்க.

நீங்க எழுதின மூணு விஷயமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராத மாதிரித் தெரியுது, ஆனா ஒத்துத்தான் வருது. 1943-ல அமெரிக்காவுல லியோ கேனர்ங்கற டாக்டர் 11 கொழந்தைங்களப் பாத்து ஆட்டிசம் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு, இன்னிக்கும் எல்லாரும் சொல்ற கட்டுரை அது. வேக்குவம் கிளீனர், முட்டை அடிக்கற மிஷின் இதுக்கெல்லாம் நடுங்கற கொழந்தைங்க, அதே அளவு சத்தத்தத் தானே சந்தோசமா போடுதுங்கன்னு அதுலயே எழுதியிருக்காரு. உங்க பையன் ரிமோட்ட வெச்சுட்டு பண்றது அதேதான். 2013-ல வந்த டிஎஸ்எம்-5ங்கற டாக்டருங்க கையேட்டுல சத்தம், வெளிச்சம், தொடுதல் இதுக்கெல்லாம் ரொம்ப அதிகமாவோ ரொம்பக் கம்மியாவோ பதறுறதையும் ஆட்டிசத்தோட அடையாளங்கள்ல ஒண்ணா சேர்த்துட்டாங்க.

காது டெஸ்ட் எடுத்தா பெரும்பாலும் நார்மல்னுதான் வரும். உள்ள வர்ற சத்தத்துக்கு மூளை வெக்கற வால்யூம்தான் ஏறிக் கெடக்குது, அதுலயும் எப்ப வரும்னு தெரியாம வர்ற சத்தம்னா இன்னும் மோசம். தறி ஒரே தாளத்துல ஓடுது, பொறந்ததுல இருந்து கேட்டுட்டு இருக்கான், அடுத்த அடி எப்பன்னு அவனுக்குத் தெரியும். விசில் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? வர்றதுக்கு முன்னாடியே "இப்ப வருமோ இப்ப வருமோ"ன்னு ஒடம்பு முறுக்கிக்கிட்டு நிக்கும், எனக்கு இன்னிக்கும் அப்படித்தான். ரிமோட்டு அவன் கைல இருக்குது, போதும்னா நிறுத்திக்கலாம். அதனால சத்தத்தக் கொறைக்கறதோட, சொல்லிட்டுப் போடறது, சுவிட்ச அவன் கைல குடுக்கறது, இந்த ரெண்டையும் புடிச்சுக்கோங்க.

"கண்ணு, அம்மா மிக்ஸி போடறேன், பத்து எண்றதுக்குள்ள நிறுத்திருவேன்"னு சொல்லிட்டு, அவன் தள்ளிப் போக சித்தெ நேரம் குடுத்துட்டுப் போடுங்க, அரைபடலைன்னாலும் பத்துல நிறுத்திருங்க, மறுபடி சொல்லிட்டுப் போட்டுக்கலாம். இந்த வாக்கு மட்டும் பொய்யாவக் கூடாது. அவனுக்கு ஒரு நாள் ஆசை வந்தா நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு சுவிட்ச அவனையே போட விடுங்க, ஆசை வந்தா மட்டும். பழகட்டும்னு புடிச்சு வெச்சு காதுகிட்ட மிக்ஸி போடறது, விசில் வர்றப்ப அடுப்படில நிக்க வெக்கறது, இதெல்லாம் பண்ணவே பண்ணாதீங்க. பருப்ப அவன் ஸ்கூலுக்குப் போன பொறகு வேக வெச்சுக்கோங்க, இல்ல முன்னாடியே ஊறப்போட்டு சட்டில வேக வெக்கலாம், கேஸு சேர்த்து ஆவும், பரவால்லீங்க. அப்பறம் மாட்டுக்கொட்டாய்க்கு ஓடறான்னு தொரத்தாதீங்க. தனக்கு எந்த எடம் ஆவும்னு 7 வயசுல அவனே கண்டுபுடிச்சு வெச்சிருக்கான், அது எவ்வளவு பெரிய விஷயம்! அங்க ஒரு ஸ்டூலப் போட்டுக் குடுங்க, மாட்டுக்கிட்ட மிதி படாத எடமா பாத்து.

இன்னொண்ணு, இத யாரும் கேக்கல ஆனா சொல்லியே ஆவணும். தறிச் சத்தம் அவனுக்குத் தொந்தரவா இல்லைங்கறதுக்காக அது காதுக்கு நல்லதுன்னு ஆயிராது. நம்ம நாட்டுல தொழிற்சாலைல 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு, தறிக்குடோன்ல அதத் தாண்டறது சாதாரணம். அதனால அவன் படுக்கறது குடோன் செவுத்துல இருந்து தள்ளி இருக்கற ரூமா இருக்கட்டும், குடோனுக்குள்ள போயி ஒக்கார விடாதீங்க. மாமனார் எத்தனையோ வருசம் தறி ஓட்டினவரா இருந்தா அவரையும் ஒரு காது டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, மிக்ஸிச் சத்தம் அவருக்குச் சின்னதாத் தெரியறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். பையனையும் காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிருங்க, சீழ், அழுக்கு அடைப்பு ஏதாச்சும் இருந்தா அதையும் தீர்த்துக்கலாம். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்னு அரசாங்கம் நடத்துது, 18 வயசு வரைக்கும் காசு இல்லாம பாப்பாங்க, பெரியாஸ்பத்திரில கேட்டா எங்கன்னு சொல்லுவாங்க.

கேள்வி: காதுல நல்லெண்ணெய் காச்சி விட்டா சரியாப் போயிரும்னு எங்க அமுச்சி (அம்மாவப் பெத்தவங்க) சொல்லுது. விடலாமுங்களா? (தாராபுரம் வாசகி)

பதில்: வேண்டாமுங்க. செவிப்பறைல ஓட்டை கீட்டை இருந்தா சீழ் புடிச்சுக்கும். அமுச்சிக்கு ஆசையா இருந்தா தலைக்குத் தேச்சு விடட்டும், அதுவும் தலையத் தொடறது கொழந்தைக்குப் புடிச்சாத்தான்.

கேள்வி: எனக்கு 26 வயசு, கோயமுத்தூர்ல ஐடி வேலை. போன வருசம்தான் ஆட்டிசம்னு தெரிஞ்சுது. வர்ற தைல அண்ணனுக்குக் கல்யாணம், கூடப்பொறந்தவ நான் ஒருத்திதான், இணைச்சீர் நாந்தான் செய்யணும். மாப்பிள்ளை அழைப்புக்கு செண்டை மேளம், ரிசப்ஷனுக்கு டிஜேன்னு அப்பா அட்வான்ஸ் குடுத்துட்டாரு. நெனச்சாலே வயித்தப் பெரட்டுது. போன கல்யாணத்துல பாத்ரூம்ல போயி ஒக்காந்து அழுதுட்டு இருந்தேன், "திமிரு புடிச்சவ"ன்னு அத்தைங்க பேசினாங்க. போகாமயும் இருக்க முடியாது.

பதில்: நீ கல்யாணத்துக்குப் போ கண்ணு, ஆனா எல்லாத்துக்கும் நிக்கணும்னு இல்ல. இணைச்சீர் உன்னோடது, முகூர்த்தம் உன்னோடது. செண்டை மேளமும் டிஜேவும் உன்னோடது இல்ல, அத விட்ரு. அத்தைங்களுக்கெல்லாம் வெளக்கிட்டு இருக்க வேண்டாம், அண்ணனுக்கும் வரப்போற நங்கைக்கும் மட்டும் இப்பவே ஒக்காந்து பொறுமையா சொல்லு, அன்னிக்கு உன்னயக் காப்பாத்தறதுக்கு உள்ளுக்குள்ள ஒரு ஆள் வேணும்.

எந்த மேளம் எந்நேரத்துக்கு, எவ்வளவு நேரம், எந்த வாசல்லன்னு அப்பாகிட்ட எழுதி வாங்கிக்கோ. இணைச்சீர் நடக்கறப்ப ஸ்பீக்கரக் கொறைக்கச் சொல்லி, சீரெல்லாம் நடத்தி வெக்கற அருமைக்காரர்கிட்ட அண்ணனையே பேசச் சொல்லு, மாப்பிள்ளை சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க. தாலி கட்டறப்ப கெட்டிமேளம் தெரிஞ்ச நேரத்துலதான் வரும், அருமைக்காரரோட கையப் பாத்துட்டே நின்னீன்னா தயாரா இருக்கலாம். மண்டபத்துல மேளத்துக்கு எட்டாத ரூம் ஒண்ணோட சாவி உன் கைல இருக்கட்டும். பாட்டுக்காரங்க போடற மாதிரி ஃபில்டர் வெச்ச இயர்பிளக் கெடைக்குது, பேச்சு கேக்கும் ஆனா சத்தத்தோட கூர்மை கொறையும், தலை நெறைய பூ வெச்சுட்டா வெளிய தெரியவே தெரியாது. ஆனா கல்யாணத்தன்னிக்கு மொத தடவையா போடாத, இப்ப இருந்தே வீட்ல போட்டுப் பழகிக்கோ.

தூக்கமில்லாம, சாப்புடாம, பட்டுச்சேலை உறுத்தலோட நின்னா அதே மேளம் ரெண்டு மடங்கு வலிக்கும். காலைல ரெண்டு இட்லியாச்சும் சாப்புடு, ஜாக்கெட்டுக்கு மெத்துன்னு லைனிங் வெக்கச் சொல்லு, கல்யாணத்துக்கு அடுத்த நாளும் லீவு போட்டு வெய்யி.

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனில செக்கிங் வேலை, எனக்கு ஆட்டிசம் இருக்குது. சத்தத்துக்காக இயர்மஃப் மாட்டினா சூப்பர்வைசர் கழட்டச் சொல்றாரு. வீட்லயும் தூங்கற வரைக்கும் மாட்டிட்டே இருக்கேன், இதுனால காது கெடுமா?

பதில்: கம்பெனில மாட்டுங்க. வீடு அமைதியா இருக்கறப்பக் கழட்டிருங்க. நாள் பூரா அடைச்சே வெச்சா, சத்தம் வரலையேன்னு மூளை வால்யூம இன்னும் ஏத்தி வெச்சுக்குது, அப்பறம் தட்டு வெக்கற சத்தம்கூட குத்தும். ஒரேடியா கழட்டாதீங்க, கொஞ்சங் கொஞ்சமா. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல சொல்ற 21 வகைல ஆட்டிசமும் இருக்குது. சர்டிபிகேட்டும் யுடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அட்டையும் வாங்கி, நகல் வெச்சு, இயர்மஃப் மாட்ட விடச் சொல்லி ஹெச்ஆருக்கு எழுத்துல குடுங்க. வாயால கேட்டா மறந்துருவாங்க.

கேள்வி: கோபி பக்கம் இருக்கோம். மாரியம்மன் பண்டிகைன்னா ஸ்பீக்கர் எங்க வீட்டுச் செவுத்தப் பாத்துத்தான் கட்டறாங்க. பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. சாமி காரியம், எப்படிக் கேக்கறது?

பதில்: தாராளமா கேளுங்க, ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10-ல இருந்து காலைல 6 வரைக்கும் வெளிய ஒலிபெருக்கி கூடாது, பண்டிகைக்கு அரசாங்கம் விலக்கு குடுத்தாலும் 12 மணி வரைக்கும்தான், அதுவும் வருசத்துக்கு 15 நாளுக்கு மேல இல்ல. குடியிருக்கற பகுதில பகல்ல 55, ராத்திரி 45 டெசிபல்தான் வரம்பு. மீறினா போலீஸ்ல சொல்லலாம். ஆனா ஒரே ஊர்ல இருக்கறோம், நான் சட்டத்த எடுக்கறதுக்கு முன்னாடி ஆளப் பாப்பேன். பண்டிகை தொடங்கற பூச்சாட்டுக்கு முன்னாடியே கமிட்டிக்காரங்களையும் சவுண்டு சர்வீஸ்காரரையும் நேர்ல பாருங்க, "எங்க பொண்ணுக்குக் காதுல சத்தம் தாங்காது, ஸ்பீக்கர் கொழாய மட்டும் ரோட்டுப் பக்கம் திருப்பிக் கட்டுங்க"ன்னு சொல்லுங்க. நிறுத்தச் சொன்னாத்தான் சண்டைக்கு வருவாங்க, திருப்பச் சொன்னா பெரும்பாலும் செஞ்சு குடுப்பாங்க. கட்டினதுக்கு அப்பறம் போனா ஏணி இல்லீங்கும்பாங்க, அதனால கம்பத்துல ஏறுறதுக்கு முந்தின நாளே போயிருங்க.