பாஸ்டனில் ஃபென்வே பார்க் பேஸ்பால் ஸ்டேடியத்துக்கு எப்படிப் போவது? பக்கத்தில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோடு போகிறீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன். கார் வேண்டாம். ஆட்ட நாளில் பார்க்கிங்குக்குக் கேட்கும் காசு வயிற்றெரிச்சல். நகர ரயிலின் கிரீன் லைனில் பி, சி, டி என்ற கிளைகளில் எதில் ஏறினாலும் கென்மோர் நிலையம் வரும்; அங்கிருந்து கூட்டத்தோடு நடந்தால் சில நிமிடம்தான். ஈ-யில் மட்டும் ஏறாதீர்கள். காப்ளி நிலையம் தாண்டியதும் அது வேறு பக்கம் பிரிந்துவிடும்.

நான் ஏறினேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. ரயில் சுரங்கத்தை விட்டு வெயிலுக்கு வந்தபோதுதான் உறைத்தது. இறங்கிய இடம் நுண்கலை அருங்காட்சியகம். ஆட்டம் நாலு மணிக்கு, அப்போது பன்னிரண்டுகூட ஆகவில்லை. பலகையைப் படித்த அப்பா, "ஆனந்த குமாரசுவாமி வேலை பார்த்த இடம்டா இது" என்றார். கொழும்பில் பிறந்தவர், முத்துக் குமாரசுவாமியின் மகன், 1917 முதல் முப்பது வருஷம் இங்கே இந்தியக் கலைப் பொருள்களைப் பொறுப்பாகக் கவனித்தவர் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உள்ளே கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சிலையின் விரலையும் பார்த்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

அங்கிருந்து ஃபென்ஸ் பூங்கா வழியாக ஸ்டேடியத்துக்கு இருபது நிமிட நடை. 1942இல் போர்க்காலத்தில் காய்கறிக்காகப் போட்ட தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. யாரோ தக்காளிக்குக் கொம்பு நட்டிருந்ததைப் பார்த்து அப்பா அங்கேயும் நின்றுவிட்டார்.

ஸ்டேடியம் 1912இல் திறந்தது. இடதுபுறம் 37 அடி உயரப் பச்சைச் சுவர், அதன் அடியில் ஸ்கோர் பலகை. எண்களை இன்றும் கையால்தான் மாட்டுகிறார்கள். ஆட்டம் புரியாத அப்பா அதைப் பார்த்தே ஸ்கோரைப் பிடித்துக்கொண்டார்.

பேஸ்பால் கேள்விக்கு மியூசியம் எதற்கு என்று சிலர் வருவார்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறார், படித்துவிட்டு வாருங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாசத்துக்குப் பெற்றோரை வரவழைத்து, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! குளிர் வந்ததும் விமானம் ஏற்றிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்த அமெரிக்கா சமையலறை ஜன்னல்தான். நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது.

நேரமிருந்தால் நடந்துபோகும் தூரத்தில் கார்ட்னர் அருங்காட்சியகமும் உண்டு. 1990இல் அங்கே 13 கலைப்பொருள்கள் திருடு போயின; ஓவியங்கள் இருந்த வெற்றுச் சட்டங்கள் அப்படியே தொங்குகின்றன. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், இரண்டு அருங்காட்சியகத்துக்கும் அன்று விடுமுறை.