வாடகை வீட்டில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குவதை மாநகராட்சி தடுக்காதா?

நீங்கள் சேலத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்றும், கீழே வீட்டுக்காரர் இருக்கிறார் என்றும், இரண்டு வீட்டுக்கும் ஒரே மின் இணைப்பு என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் 8 ரூபாய் வாங்கிய வீட்டுக்காரன்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாநகராட்சிக்கு இதில் வேலை இல்லை. குடிநீர்க் கட்டணத்தை மாமன்றம் தீர்மானிக்கும். மின் கட்டணத்தை 1999இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக நிர்ணயிக்கிறது. ஒரு காலத்தில் இங்கே சேலம்–ஈரோடு மின் விநியோக நிறுவனம் என்ற தனியார் நிறுவனம் இருந்தது. என் தகப்பனார் கடைசிவரை ‘கம்பெனிக்குக் கட்டவேண்டும்’ என்றுதான் கரண்ட் பில்லைச் சொல்வார். எப்படியானாலும், இணைப்புக்குரிய பிரதான மீட்டரோடு மின்வாரியத்தின் கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் நாம் கடைவீதியில் வாங்கி மாட்டும் சப் மீட்டருக்கு முத்திரையும் கிடையாது, கேட்பாரும் கிடையாது.

2023 மே மாதம் மீட்டர் கணக்கு எழுதும் எங்கள் வெள்ளை அட்டையில் 540 யூனிட் என்று எழுதிப் போனார்கள். மாடியின் சப் மீட்டர் 260 காட்டியது. தெருவில் எல்லோரும் வாங்குவதுபோல் 8 ரூபாய் வீதம் 2,080 ரூபாய் கேட்டேன். மாடியில் இருந்த பெண் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுபவர். மறுநாள் காலை, தினசரிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய கணக்கோடு கீழே வந்தார். “ஐயா, தப்பா நினைக்காதீங்க, இதை மட்டும் ஒருதரம் பாருங்க” என்றார்.

மொத்தப் பில் 2,270 ரூபாய். அவர் 2,080 கொடுத்தால், 280 யூனிட் எரித்த நான் 190 ரூபாயோடு தப்பித்துக்கொள்கிறேன். யூனிட் விகிதத்தில் பிரித்தால் அவர் பங்கு 1,093 ரூபாய்தான். அவரிடம் எத்தனை மாதங்களாக அதிகம் வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்குக் காது சூடேறியது. ஆயினும் ‘வீட்டுக்காரன் என்றாலே கொள்ளைக்காரன்’ என்று எழுதக் கை துடிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: போர் மோட்டார் ஓடுவது என் கணக்கில், மாடிப்படி விளக்கு என் கணக்கில், நான் உட்கார்ந்து கணக்குப் போட்டு ஏமாற்றவில்லை. கணக்கே போடாமல் இருந்ததுதான் என் குற்றம்.

அந்தத் தாளின் கீழ்ப்பாதிதான் என்னை அதிகம் உறுத்தியது. அப்போதைய விகிதத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 2.25 ரூபாய், 500ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய், அதே யூனிட்டுகளுக்கு 4.50 ரூபாய். ஆகவே அன்று 500க்கு 1,725 ரூபாயாக இருந்த பில், 501 ஆனதும் 1,958 ஆகிவிடும். தனித்தனி இணைப்பாக இருந்திருந்தால் அவருக்கு 495 ரூபாயும் எனக்கு 585 ரூபாயும் வந்திருக்கும். ஒரே மீட்டரில் சேர்ந்திருந்ததற்காக மட்டும் இரண்டு குடும்பமும் சேர்ந்து 1,190 ரூபாய் தண்டம் கட்டியிருக்கிறோம்.

எனவே 8 ரூபாய் நியாயமா என்று சண்டை பிடிக்கும் முன், அட்டையைக் கேட்டு வாங்கி, மொத்த யூனிட்டும் உங்கள் யூனிட்டும் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு உங்கள் வீட்டின் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு, சப் மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் சிமிட்டியது, மாடிப்படி விளக்கு தவறுதலாக அவர் பக்கம் இணைந்திருந்தது. (மேலே அதை என் கணக்கில் சேர்த்துப் பெருமை பேசினேன், அதுவும் அன்றுதான் தெரிந்தது.) பணத் தகராறில் வீட்டுக்காரர் கரண்டைத் துண்டித்தால் அது வேறு விஷயம்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி அவ்வாறு செய்யக் கூடாது, வாடகை அதிகார அமைப்பிடம் முறையிடலாம்.

நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. அதிகம் வாங்கியதை மூன்று மாத வாடகையில் கழித்துக்கொண்டோம். மாடிக்குத் தனிச் சமையலறையும் தனி வயரிங்கும் இருந்ததால் தனி இணைப்புக்கு விண்ணப்பித்து வாங்கினேன். இப்போது அவர் தன் பில்லைத் தன் கைபேசியிலேயே கட்டிவிடுகிறார். நான் என்னுடையதைக் கட்டுகிறேன், மோட்டாரும் மாடிப்படி விளக்கும் உட்பட.