மாமரக் கவட்டில் ஒரு சைலோட்டம்

கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வீட்டு மாமரத்தின் கவட்டில் இலையோ பூவோ இல்லாமல், இரண்டிரண்டாகக் கிளைத்துக்கொண்டே போகும் பச்சைக் குச்சிகளாக ஒரு செடி வளர்ந்திருக்கிறது. குச்சிகளின் ஓரங்களில் மஞ்சள் மணிகள். இதன் பெயர் சைலோட்டம் என்று அறிந்தேன். நான் படித்த பழைய பாடநூல் இதை நிலத்தில் முதலில் வாழ்ந்த தாவரங்களின் எச்சம் என்கிறது. மகளின் நூலோ டி.என்.ஏ. ஆதாரப்படி இது பெரணி என்கிறது. கண்ணுக்குத் தெரியும் உருவத்தை விட்டுவிட்டு டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையை நம்பலாமா?

வாசகர், குவாத்ர் போர்ன், மொரீஷியஸ்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பழைய பாடநூல் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான ரைனியா என்ற புதைபடிவத் தாவரத்துக்கும் வேரில்லை, இலையில்லை, தண்டும் இரண்டிரண்டாகவே கிளைத்தது. ஆனால் ஒருபோதும் இலை இல்லாதிருந்த செடியும், இருந்த இலையை இழந்துவிட்ட செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், ஓர் உறுப்பு இல்லாதிருப்பதை மட்டும் வைத்து உறவைத் தீர்மானிப்பது எனக்கு எப்போதுமே பலவீனமான வாதமாகப் பட்டிருக்கிறது.

டி.என்.ஏ. ஒப்பீடு, ஏட்டுச் சுவடிகளின் பாடபேதங்களை ஒப்பிடுவதைப் போன்றது. இரண்டு சுவடிகளில் மூலப்பாடம் அப்படியே இருந்தால் அவற்றின் நெருக்கத்தைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரே பிழை இரண்டிலும் இருந்தால்தான், அவை ஒரே படியைப் பார்த்து எழுதப்பட்டவை என்று ஐயுற இடமுண்டு. டி.என்.ஏ.வில் நேர்ந்த எழுத்து மாற்றங்களே இங்கே அந்தப் பிழைகள். பெரணி ஆய்வில் பெரிதும் பயன்பட்ட ஆர்பிசிஎல் என்னும், பசுங்கணிகத்தில் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்பில்) உள்ள மரபணுவில் சுமார் 1,400 எழுத்துகள் உள்ளன. டி.என்.ஏ.வுக்கு எழுத்துகள் நான்கே என்பதால் தற்செயலாக ஒரே மாற்றம் இரு இடங்களில் நேர்வது அரிதன்று. ஆகவே ஒரு மரபணுவின் சாட்சியம் போதாது. 2001-இல் தாவரவியலாளர் கேத்லீன் பிரையரும் உடன் ஆய்வாளர்களும் மூன்று பசுங்கணிக மரபணுக்களையும் உட்கருவின் ஒரு மரபணுவையும் உருவப் பண்புகளோடு சேர்த்து ஆராய்ந்தபோது, சைலோட்டமும், குதிரைவால் செடி எனப்படும் ஈக்விசீட்டமும் பெரணிகளின் கிளைக்குள்ளேயே அமைந்தன.

அதிலும் சைலோட்டத்தின் மிக நெருங்கிய உறவு ஓஃபியோகிளாசம் குடும்பம் என்பதுதான் பலரைத் திகைக்க வைத்தது. ஓஃபியோகிளாசம் பொதுவாக ஒற்றை இலையும் அதிலிருந்து எழும் ஒரு கதிருமாக நிற்கும் சிறு செடி. உங்கள் மாமரத்துக் குச்சிகளுக்கும் அதற்கும் வெளித்தோற்றத்தில் ஒற்றுமை ஏதுமில்லை. ஆனால் பெரணிகளின் வாழ்க்கைச் சுழற்சியில், நாம் காணும் செடியைத் தவிர, பாலணுக்களை உண்டாக்கும் தனியான ஒரு சிறு தலைமுறையும் உண்டு. இவை இரண்டிலும் அந்தச் சிறு தலைமுறை, பச்சையமின்றி, மண்ணிலோ மக்கிலோ மறைந்து, பூஞ்சையின் துணையால் உணவு பெறுகிறது. மேலும் ஓஃபியோகிளாசத்தின் வேர்களில் வேர்த்தூவிகள் இல்லை. சைலோட்டத்திலோ வேரே இல்லை. ஆக, உருவம் பொய் சொல்லவில்லை. நாம் பார்த்த பகுதிதான் தவறு.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். பெரணிகளில் பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்வழியே வருவதால், அதன் மரபணுக்கள் தாய்வழியை மட்டுமே காட்டும். இரு இனங்கள் கலந்து புதிய இனம் தோன்றுவது பெரணிகளில் சாதாரணம் என்பதால், தந்தைவழியை அறிய உட்கருவின் மரபணுக்களையும் படித்தாக வேண்டும்.

மாமரத்தைச் சுத்தம் செய்யும்போது கவட்டில் சேர்ந்திருக்கும் மக்கை மட்டும் அகற்றிவிடாதீர்கள். அந்தச் சிறு தலைமுறை இருந்தால், அதற்குள்தான் இருக்கும்.

அன்புடன்.