தாவர நோய்க்காரணிகளை ஆய்வகத்துக்குள்ளேயே அடைத்து வைப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி (தாவர நோயியல் முதுகலை மாணவி): ஐயா, மனித நோய்க்கிருமிகளுக்கான ஆய்வகப் பாதுகாப்பு நிலைகளையே தாவர நோய்க்காரணிகளுக்கும் பின்பற்றினால் போதாதா?

பதில்: போதாது. மனித நோய்க்கிருமிகளைக் கையாளும்போது முதலில் காக்கப்பட வேண்டியவர் ஆய்வகத்தில் பணிபுரிபவர். தாவர நோய்க்காரணிகளில் பெரும்பாலானவை அவரை ஒன்றும் செய்வதில்லை, சுவருக்கு வெளியே உள்ள வயலையே அழிக்கின்றன. ஆகவே ஆய்வகத்தைச் சுற்றி என்ன பயிர் விளைகிறது, எந்தப் பருவத்தில் விளைகிறது என்பதையும் சேர்த்தே ஆபத்தை மதிப்பிட வேண்டும். 1998-இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட யுஜி99 என்னும் கோதுமைத் தண்டுத் துரு நோய்ப் பூஞ்சை இனத்தை, அமெரிக்காவின் செயின்ட் பால் நகரிலுள்ள மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு வளாகத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கடுங்குளிர் மாதங்களில் மட்டுமே ஆராய்ந்தார்கள். துருப் பூஞ்சை உயிருள்ள செடியில்தான் வளரும். அந்த உறைபனியில் ஒரு வித்து (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்) தப்பினாலும், தொற்றி வளர்வதற்குப் பசுமையான கோதுமை வெளியே இராது. ஆய்வகத்தின் காற்று வடிகட்டி பழுதானாலும் கைகொடுக்கும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி: காற்றில் பரவும் வித்துகளை, நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா காற்று வடிகட்டி முழுமையாகத் தடுத்துவிடுமா?

பதில்: அது 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களிலேயே 99.97 சதவீதத்தைப் பிடிக்கக்கூடியது. துரு வித்துகளோ அதைவிடப் பல மடங்கு பெரியவை. உண்மையான கவலை கண்ணாடிப் பலகைகளின் இணைப்புகளிலும், கதவிடுக்குகளிலும், மின்தடையின்போது விசிறி நின்று, காற்று வெளியே கசியாமல் காக்கும் அறையின் குறை அழுத்தம் மறைந்துபோகும் நிமிடங்களிலும்தான் இருக்கிறது. வெளியேறுபவரின் தலைமுடியிலும் உடையிலும் வித்துகள் ஒட்டியிருக்கும் என்பதால், உடை மாற்றுவதையும் குளிப்பதையும் வெறும் சடங்காகக் கருதிவிடக் கூடாது.

கேள்வி: வெள்ளை ஈயால் பரவும் தக்காளி இலைச்சுருள் வைரஸை ஆராய்கிறோம். 50 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 50 துளைகள் கொண்ட) வலை போதுமா?

பதில்: வெள்ளை ஈயைத் தடுக்க அது பொதுவாகப் போதும், இலைப்பேனுக்குப் போதாது. இரட்டைக் கதவும் மஞ்சள் ஒட்டுப்பொறியும் அவசியம். மஞ்சள் உடை வெள்ளை ஈயை ஈர்க்கும், ஆகவே அதைத் தவிர்த்துவிடுங்கள். நோயற்ற செடிகளை முதலில் பார்த்துவிட்டு, நோயுற்றவற்றை இறுதியில் பாருங்கள்.

கேள்வி (திருச்சியிலிருந்து ஓர் ஆய்வு உதவியாளர்): வாழையில் பனாமா வாடல் நோயை உண்டாக்கும் பூஞ்சையின் டிஆர்4 வகையைத் தொட்டிகளில் வளர்த்துச் சோதிக்க வேண்டுமானால் எதில் அதிகக் கவனம் வேண்டும்?

பதில்: மண்ணிலும் வடிநீரிலும். இந்தப் பூஞ்சையின் தடித்த சுவருள்ள வித்துகள், வாழை இல்லாத நிலத்திலும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வாழை பரவலாகப் பயிராகும் உங்கள் பகுதியில், காலணியில் ஒட்டிய சேறுகூட ஒரு தோட்டத்தின் எதிர்காலத்தைக் கெடுக்கப் போதுமானது. தொட்டிக்கடியில் தட்டு வைத்து, வடியும் நீர் முழுவதையும் தனித் தொட்டியில் சேர்த்து, வெப்பத்தால் கிருமிநீக்கம் செய்த பிறகே வெளியேற்றுங்கள். காலணியை உள்ளே பயன்படுத்துவதற்கென்றே தனியாக வைத்துக்கொள்வது நல்லது. கிருமிநாசினித் தட்டில் சேற்றோடு கால் வைப்பதால் பயனில்லை. மண்ணிலுள்ள கரிமப் பொருள் குளோரினைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால், முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு அதன் பிறகே கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். அந்தக் கழுவுநீரும் அதே தொட்டிக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: அந்த மண்ணை ஆட்டோகிளேவில் (உயரழுத்த நீராவியால் கிருமிநீக்கும் கருவியில்) 121 டிகிரி செல்சியஸில் வைத்தோம், பையில் ஒட்டிய வெப்பங்காட்டும் ஒட்டுநாடா நிறம் மாறியது. இனி வெளியே கொட்டலாமா?

பதில்: கொட்டாதீர்கள். பையின் மேற்பரப்பை வெப்பம் எட்டியது என்பதையே நாடா காட்டுகிறது; நெருக்கமாக நிரப்பிய ஈரமண்ணின் நடுப்பகுதிக்கு நீராவி மிக மெதுவாகத்தான் ஊடுருவும். மண்ணை ஆழமற்ற தட்டுகளில் பரப்பி, நேரத்தை நீட்டித்து, ஒரு நாள் இடைவெளியில் மறுமுறையும் வையுங்கள். வெப்பம் தாங்கும் பாக்டீரியா வித்துகள் கொண்ட சோதனைக் குப்பியை மண்ணின் நடுவில் புதைத்து வைத்து, பின்னர் அதை அடைகாத்துப் பார்க்கையில் வளர்ச்சி எதுவும் தென்படவில்லை என்றால்தான் அந்தத் தொகுதியை வெளியே அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை மண் பூட்டிய அறைக்குள்ளேயே இருக்கட்டும்.