107 பதக்கத்துக்குள் என்ன இருக்கிறது? ஹாங்சோ ஆசிய விளையாட்டு பற்றிக் கேள்வி பதில்

2023 செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 8 வரை சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா 28 தங்கம், 38 வெள்ளி, 41 வெண்கலம் என 107 பதக்கம் வாங்கியது. அதைப் பற்றிக் கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் பக்கமிருந்தும், ஆந்திர எல்லையில் நகரி, புத்தூரிலிருந்தும் நம்மவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். பாலக்காட்டுத் தடகளப் போட்டிகளில் நீளம் தாண்டும் குழியருகே நடுவராக நிற்பவன் நான். பதில்களும் தடகளத்தின் பக்கம்தான் சாயும்.

வேலந்தாவளம்: மாஷே, 107 வாங்கிய நாடு அடுத்த ஆண்டே பாரிஸ் ஒலிம்பிக்கில் வெறும் 6 பதக்கத்தோடு திரும்பியது எப்படி?

தங்கங்களை மட்டும் பிரித்துப் பாருங்கள், விடை அங்கேயே கிடக்கிறது. 28-இல் வில்வித்தை 5. ஐந்துமே காம்பவுண்ட் வில்லில், அதாவது கப்பி வைத்த வில்லில் வந்தவை. விஜயவாடா ஜோதி சுரேகாவுக்கு அதில் மூன்று. பாரிஸில் கப்பி இல்லாத ரிகர்வ் வில் மட்டும்தான். கபடி 2, கிரிக்கெட் 2, ஸ்குவாஷ் 2, இவை எதுவும் பாரிஸில் இல்லை. துப்பாக்கி சுடுதலின் 7 தங்கத்தில் 5 மூவர் அணிப் பிரிவில் வந்தவை. ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவே கிடையாது. ஆக 16 போச்சு.

மீதி 12. தடகளம் 6, தனிநபர் துப்பாக்கி சுடுதல் 2, அப்புறம் ஹாக்கி, பாட்மிண்டன், டென்னிஸ், குதிரையேற்றம் ஆளுக்கு ஒன்று. இந்த 12-இல் பாரிஸிலும் பதக்கமாக நின்றவை மூன்றே: நீரஜ் சோப்ராவின் ஈட்டிக்கு வெள்ளி, ஹாக்கிக்கு வெண்கலம், பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு, ஆள் மாறி மனு பாக்கர் வாங்கிய வெண்கலம்.

ஹாங்சோவைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. 2018-இல் ஜகார்த்தாவில் 70 வாங்கிய அணி 107-க்கு வந்தது பெரிய காரியம். ஆனால் மொத்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு பெருமைப்பட்டால், நம் பிள்ளைகள் உலகத் தரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது கண்ணில் படாது. நேரத்தையும் தூரத்தையும் பாருங்கள். ஆண்கள் 4x400 தொடரோட்டத்தில் அனஸ், அமோஜ் ஜேக்கப், நம் பாலக்காட்டு அஜ்மல், தமிழ்நாட்டு ராஜேஷ் ரமேஷ் நால்வரும் ஹாங்சோவில் தங்கம் வாங்கிய நேரம் 3:01.58. அதே நால்வர் சில வாரம் முன்பு புடாபெஸ்ட் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் 2:59.05 ஓடினார்கள், அது அன்றைக்கு ஆசிய சாதனை. பாரிஸில் நம் அணி 3:00.58 ஓடியும் இறுதிக்குள் போகவில்லை. அந்த ஒன்றரை விநாடியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

புத்தூர்: 107 பதக்கம் வாங்கியும் நான்காவது இடம்தானா?

வரிசை தங்கத்தை வைத்துத்தான். சீனா 201 தங்கம், ஜப்பான் 52, தென்கொரியா 42, அடுத்து நாம். மொத்தத்தில் கொரியா 190, ஜப்பான் 188. இருந்தும் ஜப்பான்தான் மேலே.

கொழிஞ்சாம்பாறை: நீளம் தாண்டுதலில் ஸ்ரீசங்கர் 3 சென்டிமீட்டரில் தங்கத்தை விட்டார். அவ்வளவு சின்ன வித்தியாசம் எங்கே போகிறது?

இதற்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. சீனாவின் வாங் ஜியானன் 8.22 மீட்டர், யாக்கரை ஸ்ரீசங்கர் 8.19.

பெரும்பாலும் தாவக் கால் ஊன்றும் போர்டில்தான் போகிறது. உந்து பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். தாவியவர் காலை எங்கே வைத்தாலும் அளப்பது பலகையின் குழிப்பக்க விளிம்பிலிருந்து. விளிம்புக்கு ஒரு சாண் முன்னாலேயே கால் விழுந்தால் அந்த ஒரு சாண் தூரமும் நஷ்டம். விளிம்பைத் தாண்டி ஷூ முனை வந்தால் ஃபவுல், முழுத் தாவலும் போச்சு. 2021 நவம்பருக்குப் பிறகு விதி இன்னும் இறுகிவிட்டது: கால் மண்ணைத் தொட வேண்டாம், விளிம்புக் கோட்டின் செங்குத்துத் தளத்தைக் கடந்தாலே ஃபவுல். சுமார் 40 மீட்டர் முழு வேகத்தில் ஓடி வந்து இந்த இடைவெளிக்குள் காலை வைக்க வேண்டும். அப்புறம் மணலில் பின்னால் விழும் கை. பலகைக்கு மிக அருகே பதிந்த தடத்திலிருந்துதான் டேப் பிடிப்போம். நல்ல தாவல்கள் பின்னால் ஊன்றிய ஒரு கையால் குறுகிப்போவதைக் குழியருகே நின்று பார்த்தால் வயிறு எரியும்.

2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இன்னும் கொடுமை. அவரும் பஹாமாஸ் வீரர் நெய்ர்னும் ஆளுக்கு 8.08. இரண்டாவது சிறந்த தாவலைப் பார்த்ததில் நெய்ர்ன் 7.98, இவர் 7.84. அதனால் வெள்ளி. 2023-இல் பாங்காக் ஆசியத் தடகளப் போட்டியில் 8.37 தாண்டி பாரிஸுக்குத் தகுதி பெற்றார். போட்டிக்கு முன் முழங்கால் காயம். பாரிஸில் வெள்ளி வாங்கிய தூரம் 8.36.

வாளையார்: நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பின்னாலிருந்து தள்ளினால் இங்கே தாவுவது சுலபமா?

சுலபம்தான், ஆனால் சாதனைக் கணக்கில் ஏறாது. பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் போனால் அந்தத் தூரம் சாதனையாகாது. அன்றைய போட்டியில் இடம் மட்டும் செல்லும். நீளம் தாண்டுதலில் வீரர் பலகைக்கு 40 மீட்டர் தள்ளி உள்ள குறியைக் கடந்த நொடியிலிருந்து 5 விநாடி காற்றை அளப்பார்கள். பாலக்காட்டில் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் காற்று மாற மாற ஓட்டத் தொடக்கக் குறியை முன்னும் பின்னும் நகர்த்தப் பழகியிருக்க வேண்டும். பழகாதவர்கள் ஃபவுலாகவே தாவிக்கொண்டிருப்பார்கள்.

நகரி: ஜோதி யாராஜி மூன்றாவதாக வந்தும் வெள்ளி வாங்கியது எப்படி? எங்கள் வீட்டில் பெரிய விவாதம்.

100 மீட்டர் தடை ஓட்டத்தில் துப்பாக்கி வெடிக்கும் முன்பே சீனாவின் வூ யான்னி கிளம்பினார். அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்த ஜோதியும் அசைந்துவிட்டார். இருவரையும் முதலில் நிறுத்தினார்கள். ஜோதி அங்கேயே நின்று எதிர்ப்புத் தெரிவித்தார், வீடியோவைக் காட்டச் சொன்னார். கடைசியில் இருவரையும் ஓடவிட்டு, ஓட்டம் முடிந்த பின் வூவைத் தகுதி நீக்கம் செய்தார்கள். 12.91-இல் வந்த ஜோதிக்கு வெள்ளி. அடுத்தவர் அசைவால் அசைந்தவரைத் தண்டிக்கக் கூடாது என்பது நியாயம்தான். வெளிநாட்டு அரங்கில், இறுதி ஓட்டத்துக்கு முந்தைய நிமிடத்தில், அதிகாரிகளிடம் தன் கட்சியைப் பேசிவிட்டு அதே பதற்றத்தோடு ஓடினாரே, அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

வாளையார்: கோவைப் பெண் வித்யா, பி.டி. உஷாவின் சாதனையைத் தொட்டார் என்கிறார்களே?

ஆமாம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 ஓடி, நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்தார். வித்யா ராம்ராஜ் ஹாங்சோ தகுதிச் சுற்றில் அதே 55.42. இறுதியில் 55.68, வெண்கலம். 39 ஆண்டு அந்த எண் அசையாமல் இருந்தது உஷாவின் பெருமை; அவ்வளவு காலம் வேறு யாரையும் அங்கே கொண்டுவராதது நம் குறை.

புத்தூர்: கபடி இறுதியில் ஏன் ஆட்டம் நின்றது?

ஒரே ரெய்டுக்கு லாபி (ஆடுகளத்தின் ஓரப் பட்டை) விதியைப் பழையபடி பார்ப்பதா, புதியபடி பார்ப்பதா என்ற தகராறு. இரானை 33-29 என வென்றோம்.

கோபாலபுரம்: வீடு தமிழ்நாட்டுப் பக்கம், மகள் படிப்பது பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் தமிழ் வழிப் பள்ளியில். நன்றாகத் தாண்டுகிறாள். எந்த மாநிலத்துக்கு ஆடுவாள்?

பள்ளிப் போட்டி என்றால் பள்ளி இருக்கும் மாநிலம்தான். முதலில் பள்ளி, பிறகு உபஜில்லா (துணை மாவட்டம்), ரெவின்யூ ஜில்லா (வருவாய் மாவட்டம்), மாநிலம். போட்டி கடுமையாக இருக்கும். பறளி, முண்டூர், குமரம்புத்தூர் பள்ளிப் பிள்ளைகளோடு மோத வேண்டும். பயப்படாதீர்கள், அவர்களோடு மோதினால்தான் அவள் தாவல் நீளும். இப்போதே ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஷூ) வாங்கிக் கொடுக்க வேண்டாம். எந்தக் காலில் எழும்புகிறாள் என்று பாருங்கள், ஓடி வரும் அடிகளை எண்ணச் சொல்லுங்கள், தொடங்கும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். அந்த அடிக்கணக்கு மாறாமல் வர ஆரம்பித்ததும் பள்ளி விளையாட்டு ஆசிரியரிடம் உபஜில்லாவுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.