உடம்பிலிருந்து தொடங்கும் உளவளத்துணை: ரொறன்ரோவில் சரியான ஆளைத் தேடுவது

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கிப் போட்டுவிட்டுப் பதிலுக்கு வருகிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு ஆட்களும் வாசிப்பார்கள். நீங்கள் கனடாவுக்கு வந்து எட்டு மாதம். அகதிக் கோரிக்கை விசாரணை இன்னும் வரவில்லை. களஞ்சிய வேலை. நெஞ்சு இறுக்கம், தோள்மூட்டு நோ, இரவு 2 மணிக்குப் பிறகு நித்திரை இல்லை. வைத்தியர் எல்லாப் பரிசோதனையும் செய்து "ஒன்றும் இல்லை" என்கிறார். வேலைத்தோழி ஒருத்தி சோமாட்டிக் தெரபி (உடம்பை மையமாக வைத்த சிகிச்சை) செய்கிற, அதுவும் அன்ரி-ஒப்ரெசிவ் (ஒடுக்குமுறைக்கு எதிரான) முறையில் செய்கிற ஒருவரைப் பார்க்கச் சொல்கிறார். இணையத்தில் தேடினால் எல்லாரும் அந்த இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரை நம்புவது, தமிழராக இருக்க வேண்டுமா, காசுக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். பொருந்திய ஆள் கிடைத்தால் பலன் இருக்கும், எனக்கு இருந்தது. ஆனால் எழுதி வைத்திருக்கும் சொற்களைப் பார்த்து ஆளைத் தெரிவு செய்யாதீர்கள். நீங்கள் "வேண்டாம்" என்றோ "இன்றைக்கு இது போதும்" என்றோ சொல்லும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வைத்தியர் "ஒன்றும் இல்லை" என்றால் அவர் தேடிய நோய் இல்லை என்று மட்டுமே அர்த்தம். உங்கள் நோ உண்மையான நோதான். (தைரொயிட்டும் இரும்புச்சத்தும் பார்த்தார்களா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். படபடப்பும் களைப்பும் அவற்றாலும் வரும்.) ஆபத்து வரும்போது உடம்பு ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. இதயம் வேகமாக அடிக்கும், தசை இறுகும், மூச்சு நெஞ்சின் மேற்பகுதியிலேயே நிற்கும், சமிபாடு குழம்பும். ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் நீண்ட காலம் இருந்தவர்களுக்கு, ஆபத்து விலகிய பிறகும் அந்த ஆயத்தம் முழுதாக இறங்குவதில்லை. நடந்ததைச் சொல்லி முடிப்பதோடு நிற்காமல் இந்த இறுக்கத்தையே கவனித்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரப் பழக்குவதுதான் உடம்பை மையமாக வைத்த சிகிச்சை. பீற்றர் லெவின் உருவாக்கிய சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங், பற் ஒக்டனின் சென்சரிமோட்டர் சைக்கோதெரபி, யூஜின் ஜென்ட்லினின் ஃபோகசிங் என்ற பெயர்களை இங்கே அடிக்கடி காண்பீர்கள்.

இது வெள்ளைக்காரரின் புதுப் பழக்கம் என்று வீட்டில் யாராவது சொன்னால் யாழ்ப்பாணத்தைக் காட்டுங்கள். போர்க்காலத்தில் அங்கே பல ஆண்டுகள் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், பாதிக்கப்பட்ட ஆட்களுக்கு மூச்சுப் பயிற்சியையும் தளர்வுப் பயிற்சியையும் அவரவர் சமயத்துக்கு ஏற்ற செபத்தையும் சிகிச்சையின் பகுதியாகவே பயன்படுத்தினார். எங்கள் சனத்தின் உடம்பில் போர் என்ன செய்தது என்று முதலில் எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

ஒரு சந்திப்பில் என்னதான் நடக்கும் என்று பயந்திருப்பீர்கள். பெரும்பாலும் ஐம்பது நிமிடம், கதிரையில் இருந்து கதைப்பதுதான். இடையிடையே அவர் நிறுத்தி, இதைச் சொல்லும்போது தோளில் என்ன நடக்கிறது, பாதம் தரையில் படுவது தெரிகிறதா, இந்த அறையில் பார்க்க இதமாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார். கனமான ஒன்றைச் சிறிது தொட்டுவிட்டு, உடம்பில் நோகாமல் இருக்கும் ஓர் இடத்துக்குக் கவனத்தைத் திருப்பி, ஆறின பிறகு மீண்டும் சிறிது தொடுவார். வேகம் வேண்டியதில்லை. முதல் சில சந்திப்புகளில் நடந்ததைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமலே வேலை நடக்கலாம். தொட்டுச் செய்யும் முறைகளும் உண்டு, ஆனால் உங்களிடம் விளங்கப்படுத்தி, நீங்கள் சம்மதித்த பிறகே அது நடக்க வேண்டும். சம்மதித்த பிறகும் மனம் மாறலாம். பலர் தொடுவதே இல்லை.

எனக்குப் பொருந்திய உளவளத்துணையாளர் முதல் நாளே எந்தக் கதிரை வேண்டும், கதவு தெரியும்படி இருக்க விருப்பமா என்று கேட்டார். கண்ணை மூடச் சொல்லவில்லை. இராணுவச் சுற்றிவளைப்புக் காலத்தை உடம்பில் வைத்திருக்கும் ஒருவருக்குக் கண்ணை மூடுவதே பயத்தைக் கிளப்பும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு முன் நான் போன ஒருவரோ முதல் சந்திப்பிலேயே கண்ணை மூடி, நடந்ததைத் திரும்ப நினைக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். நான் சிகிச்சையை எதிர்ப்பதாக எழுதிக்கொண்டார். ஊரில் அம்மாவுக்குக் காசு அனுப்புவதை நிறுத்தி "எல்லை" போடும்படியும் அறிவுரை தந்தார். அவருடைய இணையப் பக்கத்தில் அன்ரி-ஒப்ரெசிவ் என்று பெரிய எழுத்தில் இருந்தது. நான் திரும்பப் போகவில்லை.

அன்ரி-ஒப்ரெசிவ் என்பது 1980களிலும் 90களிலும் பிரித்தானியாவிலும் கனடாவிலும் சமூகப்பணிக் கல்விக்குள் வளர்ந்த அணுகுமுறை. ஒருவரின் துன்பத்தை அவருடைய மனதுக்குள் மட்டும் தேடாமல், அவருக்கு மேல் யார் யாருடைய அதிகாரம் இருக்கிறது என்று பார்ப்பது அதன் அடிப்படை. அதிகாரம் உள்ளவர்களில் சிகிச்சை தருபவரும் ஒருவர். உடம்பும் ஒடுக்குமுறையும் ஏன் ஒன்றாகப் பேசப்படுகின்றன என்று கேட்டால், அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் 1953 முதல் 1956 வரை மனநல மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் ஃபனனிடம் போக வேண்டும். காலனி ஆட்சியின் கீழ் வாழ்பவரின் தசைகள் எப்போதும் முறுக்கேறியே இருப்பதை அவர் கவனித்து எழுதினார். உங்கள் தோள்மூட்டை நினைத்துப் பாருங்கள். அதில் ஊரில் நடந்தது இருக்கிறது. முகவர் நிறுவனம் நாளைக்கு வேலை இருக்கிறதா என்று இரவில்தான் சொல்வது இருக்கிறது, நிலக்கீழ் அறை வாடகை இருக்கிறது, விசாரணைத் திகதி இருக்கிறது. இவ்வளவையும் கேட்டுவிட்டு "மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர் பாதி வேலைதான் செய்கிறார். முதலாளியை மாற்ற அவரால் முடியாதுதான். ஆனால் அது உங்கள் குறையில்லை என்று சொல்லவும், இலவசச் சட்ட உதவிக்கு வழி காட்டவும் முடியும். தென்னாசியர்களுக்கென்றே சவுத் ஏசியன் லீகல் கிளினிக் இங்கே இருக்கிறது.

சரி, தமிழர் வேண்டுமா? அழும்போது வருகிற மொழியில் கதைப்பது பெரிய ஆறுதல், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தமிழர் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. எந்த ஊர், எந்தக் கோயிலடி, யாருடைய பிள்ளை என்று சிகிச்சைக்குத் தேவையில்லாமல் துருவுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் சாதி நிற்பது உங்களுக்கும் தெரியும். அது இங்கே வரும்போது கப்பலிலோ விமானத்திலோ இறங்கிப் போகவில்லை. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை 2023 மார்ச்சில் சாதி ஒடுக்குமுறை பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் சாதிப் பாகுபாடு பற்றித் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. ஆகவே, "சாதியால் வந்த காயங்களோடு வேலை செய்திருக்கிறீர்களா?" என்று தமிழ் உளவளத்துணையாளரிடம் நேரே கேட்கலாம். முகம் சுளித்தாலோ, "அதெல்லாம் இப்போது இல்லை" என்றாலோ, உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. தமிழர் அல்லாதவரிடம் போனாலும் நோவைத் தமிழிலேயே முதலில் சொல்லிப் பார்க்க இடம் கேளுங்கள். நல்லவர் காத்திருப்பார்.

கதை வெளியே போகுமா என்ற பயத்துக்கும் பதில் உண்டு. பதிவுபெற்றவர்கள் இரகசியம் காக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ கடும் ஆபத்து, பிள்ளைக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகளை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொல்வதைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிப்பது அவர்களுடைய வேலை இல்லை.

அப்புறம், பதிவு. ஒன்ராறியோவில் சைக்கோதெரபிஸ்ட் (உளச்சிகிச்சையாளர்) என்ற பட்டத்தைப் பதிவு இல்லாமல் போட்டுக்கொள்ள முடியாது. அவர்களுக்கான கல்லூரி (பள்ளிக்கூடம் இல்லை, ஒழுங்குமுறை அமைப்பு) 2015 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. அதன் பெயர்ப்பட்டியல் இணையத்தில் திறந்தே இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடினால் பதிவு நடப்பில் இருக்கிறதா, ஒழுக்காற்று நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரியும். சமூகப்பணியாளர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. கோச், ஹீலர், சோமாட்டிக் பிரக்டிஷனர் என்றெல்லாம் போட்டுக்கொள்ள எந்தப் பதிவும் தேவையில்லை. அவர்களில் நல்லவர்கள் இருக்கலாம், ஆனால் தவறு நடந்தால் நீங்கள் முறையிட ஒரு கதவு இருக்காது. மனவடுவோடு போகிற ஒருவருக்கு அந்தக் கதவு அவசியம்.

பலர் முதலில் பதினைந்து நிமிடம் தொலைபேசியில் இலவசமாகக் கதைப்பார்கள். அந்த நேரத்தை உங்கள் கதையைச் சொல்வதில் செலவழிக்காதீர்கள். கேள்வி கேளுங்கள். உடம்போடு வேலை செய்ய எங்கே, எவ்வளவு காலம் பயின்றீர்கள்? வார இறுதிப் பட்டறை ஒன்றோடு நின்றுவிட்டவர்களும் அந்தச் சொல்லைப் போடுகிறார்கள். போரிலோ சித்திரவதையிலோ தப்பியவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? சந்திப்பு நடுவில் எனக்கு உடம்பு விறைத்துப்போனால் என்ன செய்வீர்கள்? நான் ஒரு பயிற்சியை மறுத்தால்? கடைசிக் கேள்விக்கு "வேறு வழி பார்ப்போம், அல்லது விட்டுவிடுவோம்" என்று சாதாரணமாகப் பதில் வந்தால் நல்ல அறிகுறி. இத்தனை சந்திப்பில் குணமாக்குவேன் என்று உறுதி தருகிறவரை விட்டுவிடுங்கள். உடம்பு வழிச் சிகிச்சைகளுக்கு ஆய்வு ஆதாரம் வளர்ந்துவருகிறது, ஆனால் மனவடுவுக்கான சிபிரி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை), இஎம்டிஆர் (கண் அசைவோடு நினைவைக் கையாளும் சிகிச்சை) அளவுக்கு இன்னும் இல்லை. உலக சுகாதார அமைப்பு 2013இல் பரிந்துரைத்தவற்றில் அந்த இரண்டும் அடக்கம். நேர்மையானவர் இதை மறைக்காமல் சொல்வார். உடம்பு வழிச் சிகிச்சையையும் இவற்றையும் கலந்து செய்பவர்களும் உண்டு.

காசு விசயம். தனியாரிடம் ஒரு சந்திப்புக்கு 130 முதல் 180 டொலர்வரை போகும், உளவியலாளர் என்றால் 200க்கு மேல். 2024 ஜூன் 20 முதல் சைக்கோதெரபிக்கு எச்எஸ்ரி (விற்பனை வரி) இல்லை. யாராவது சேர்த்தால் கேளுங்கள். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் குறைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள், ஒடுக்குமுறைக்கு எதிரான முறை என்று சொல்கிறவர் இதற்கு எப்படிப் பதில் தருகிறார் என்பதும் தெரிய வேண்டியதுதான். கற்கை முடித்து மேற்பார்வையில் வேலை செய்யும் "குவாலிஃபையிங்" நிலையில் உள்ளவர்கள் மலிவு, அவர்களில் மிக நல்லவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் உங்களுக்கு முதல் வழி அது இல்லை. அகதிக் கோரிக்கையாளருக்கான இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டத்தில் உளவளத்துணைக்கும் இடமுண்டு. அந்தத் திட்டத்தில் பதிந்த ஆளாக இருக்க வேண்டும், முன் அனுமதியும் தேவைப்படும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் இப்போது கையிலிருந்து ஏதும் கட்ட வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். சமூகச் சுகாதார நிலையங்களில் உளவளத்துணை இலவசம். சித்திரவதைக்கும் போருக்கும் தப்பியவர்களுக்கு ரொறன்ரோவில் 1977 முதல் வேலை செய்யும் கனேடியன் சென்ரர் ஃபோ விக்ரிம்ஸ் ஒஃப் ரோச்சர் இருக்கிறது. உங்கள் நிலையில் நான் முதலில் அங்கேதான் அழைப்பேன். 211 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளர் கேட்டு, அருகில் உள்ள சேவைகளை விசாரிக்கலாம். பின்னர் ஓஹிப் (ஒன்ராறியோ மாகாண மருத்துவக் காப்புறுதி) அட்டை வந்தால் குடும்ப வைத்தியர் மூலம் மனநல மருத்துவரைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வேலையிடக் காப்புறுதி கிடைத்தால், அது யாருடைய பற்றுச்சீட்டை ஏற்கும் என்று பாருங்கள். சில திட்டங்கள் உளவியலாளரை மட்டும் ஏற்று சைக்கோதெரபிஸ்டைத் தள்ளிவிடும்.

விசாரணைக்கு மருத்துவ அறிக்கை வேண்டுமானால் உங்கள் சட்டத்தரணியிடம் இப்போதே கதையுங்கள். சைக்கோதெரபிஸ்ட் தான் கவனித்ததைக் கடிதமாகத் தரலாம், ஆனால் நோயின் பெயரைச் சொல்லும் அதிகாரம் ஒன்ராறியோவில் அவருக்கு இல்லை. அதற்கு மருத்துவரோ உளவியலாளரோ வேண்டும், தவணை கிடைக்க நாள் எடுக்கும்.

இதெல்லாம் பைத்தியக்காரருக்கு என்று வீட்டில் சொல்வார்கள். மோர்ட்டன் பெய்சர் குழுவினர் ரொறன்ரோத் தமிழரிடையே நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 12 சதவீதத்தினருக்கு மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீடு இருந்தது. அவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் பத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் எங்களோடு வேலைக்குப் போனார்கள், பிள்ளை வளர்த்தார்கள், முதுகு நோவென்று வைத்தியரிடம் போய் வந்தார்கள்.

மூன்று நான்கு சந்திப்புக்குப் பிறகு உங்களையே கேட்டுப் பாருங்கள்: அங்கே போகும் நாளில் உடம்பு முன்னரைவிட இறுகுகிறதா, வந்த பிறகு நாட்கணக்காகக் குழம்பிக் கிடக்கிறீர்களா? கனமான சந்திப்புக்குப் பிறகு ஒருநாள் களைப்பு வரலாம். வாரம் முழுவதும் நித்திரை கெட்டால் அவரிடம் சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்தால் தொடரலாம், குற்றம் உங்கள்மேல் போட்டால் மாறுங்கள். இன்னொருவரைத் தேடுவதற்கு நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை.

தவணை வரும்வரை காத்திருக்க முடியாத இரவு வந்தால், உயிரை விடத் தோன்றினால், 9-8-8க்கு அழையுங்கள் அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். இருபத்துநான்கு மணிநேரமும் இருப்பார்கள், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான். "ஹெல்ப், தமிழ்" என்று மட்டும் சொல்ல முடிந்தாலும் அழையுங்கள். பக்கத்தில் ஆங்கிலம் தெரிந்தவர் இருந்தால் எழுப்புங்கள், நடுச்சாமம் என்று பார்க்காதீர்கள். எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்று எழுதினால், உங்கள் பேருந்துத் தடத்தில் உள்ள சுகாதார நிலையம் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.